விளக்கு வெளிச்சத்தில் முதல் கோல்

கையிலிருந்த குண்டூசியை மச்சானின் தோளில் நறுக்கென்று இறக்கிவிடலாமா என்று தையல்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெருமூச்சு விட்டபடி கோட்டுத் துணியிலேயே குத்தினார்.

"வயித்தை உள்ள இழுக்காதீங்க மச்சான். நாளைக்கு மேடையில மூச்சு விட்டீங்கன்னா பட்டன் தெறிச்சு யார் கண்ணையாவது பதம் பார்த்துடும்."

"லாரியில உக்காந்து உக்காந்து வளர்ந்த வயிறு மாப்ள. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று மச்சான் குலுங்கிச் சிரித்தார்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவி அண்ணனை நிமிர்ந்து பார்த்துப் பூரித்துப்போனாள். "ராஜா மாதிரி இருக்கேண்ணே! எங்க கல்யாணத்துக்கு இவர் போட்ட கோட்டுகூட இப்படி அமையல."

அந்தக் கோட்டையும் தைத்தவர் தையல்காரர்தான். பல்லைக் கடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஊரின் பழைய கால்பந்து மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். நாளை மாலை புதிய விளக்குகளை ஏற்றும் விழா. ஸ்விட்ச்சை அமுக்கப்போவது மந்திரியோ நடிகரோ இல்லை, அந்தக் காலத்தில் முதன்முதலாக மைதானத்துக்கு விளக்கு வந்த அன்று முதல் கோல் போட்டவர். அதாவது, மச்சான்.

அந்த ஒரு கோல் தையல்காரரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. சந்தையில் அவருக்குப் பெயர் 'கோல்காரர் தங்கச்சி வீட்டுக்காரர்.' பெற்ற மகளே பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னபோது 'என் மாமா' என்றுதான் எழுதினாள். அதைப் படித்துவிட்டு அவர் அன்று சாப்பிடவில்லை.

"அப்பா தோள்ல உக்காந்து பார்த்தேன், இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு" என்று மனைவி ஆரம்பித்தாள். "நாலு மரக் கம்பம், தகர மூடி போட்ட பல்பு. ஜெனரேட்டர் இருமினா வெளிச்சமும் சேர்ந்து இருமும்!"

"மூலைக்குப் போனா கும்மிருட்டு" என்றார் மச்சான். "ஆளுக்கு நாலு நிழல் வேற. பந்துன்னு நெனச்சு நிழலை உதைச்சு எத்தனை பேர் விழுந்தாங்க!"

"பந்து தெரியணும்னு அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்களே! அது பறந்து போய் வலையில விழுந்துச்சு பாரு, அடேயப்பா! எங்கண்ணனைத் தூக்கிட்டு வந்தப்போ நான் அழுதே போட்டேன்."

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை மேசையில் டமாரென்று போட்டார்.

"போதும் நிறுத்து! அந்தக் கோலை உங்கண்ணன் போடவே இல்ல. போட்டது நான்!"

மனைவியின் ஊசி பாதியில் நின்றது. "ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மூலையிலேருந்து பந்து வந்துச்சு. இவரும் எம்புனாரு, நானும் எம்புனேன். பட்டது என் தலையில! சுண்ணாம்பு ஈரம் காயாத பந்து. என் நெத்தியில அப்படியே அப்பிக்கிச்சு, எங்கம்மா தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாங்க. இவரு நெத்தியில ஒரு பொட்டு வெள்ளை இருந்துச்சா? கேளு!"

அன்று ஜெயித்த மேட்டுத் தெருவே திரண்டு மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. நெற்றியில் சுண்ணாம்போடு இவர் மட்டும் ஆற்றுத் தெருவுக்குத் தன்னந்தனியாக நடந்தார். அந்த நடையை இந்த வயதிலும் அவர் மறக்கவில்லை.

"என்னண்ணே, என்னென்னமோ சொல்றாரு?"

மச்சான் அரைகுறைக் கோட்டை மெல்லக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"உண்மைதாம்மா. பந்து மாப்ள தலையில பட்டுத்தான் உள்ள போச்சு. என் தலையில படவே இல்ல."

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அண்ணனை மட்டுமே பார்த்த அந்தக் கண்கள் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவரை அப்படிப் பார்த்தன. தையல்காரருக்கு ஜென்மம் சாபல்யம் ஆனது போலிருந்தது.

"அப்போ நாளைக்கு ஸ்விட்ச்சை அமுக்க வேண்டியது நான்தான் மச்சான். மேடையில என்னைக் கூப்பிட்டு, ஊரறியச் சொல்லணும் நீங்க."

"தாராளமா சொல்றேன் மாப்ள. ஆனா நல்லா யோசிச்சுக்கோ. அன்னைக்கு நான் முந்திக்கிட்டு 'என் கோலு, என் கோலு'ன்னு எதுக்குக் கத்துனேன்னு உனக்கே தெரியும். கத்தலன்னா உங்க தெருக்காரங்களே உன் தோலை உரிச்சிருப்பாங்க."

"என்னைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டேனா? சொல்லுங்க, கேட்டேனா?"

ஒன்றும் புரியாமல் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கோல் போட்டவரை அவங்க தெருக்காரங்களே எதுக்குங்க அடிக்கணும்?"

தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சேம் சைடு கோலா இருந்தா என்னடி? முதல் கோல் முதல் கோல்தானே!"