வேர் என்று எழுதிய தாள்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

ரேடிக்ஸ் என்றால் என்ன? கணினி அறிவியல் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

விடைக்குறிப்பில் 'அடிமானம்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. மாணவரின் தாளில் வேறு மாதிரி இருந்தது.

'ரேடிக்ஸ் என்றால் வேர். ஓர் எண்முறையில் எத்தனை இலக்கங்கள் உண்டோ, அதுவே அதன் வேர். நமது எண்களுக்கு வேர் பத்து. கணினிக்கு இரண்டு.'

இதைவிடத் தெளிவாக அவளே வகுப்பில் சொன்னதில்லை.

தாளை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளர் அருள்ஞானத்தின் மேசைக்குப் போனாள். இன்றைக்கு மூன்றாவது முறை. அவர் மின்விசிறிக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"விடைக்குறிப்புல வேர் இல்ல, டீச்சர்."

"விளக்கம் சரியா இருக்குல்ல, சார்?"

"வார்த்தை தப்பா இருக்குல்ல?"

"அந்த லத்தீன் வார்த்தைக்கு அர்த்தமே வேர்தான். நாம அதை அடிமானம்னு வச்சுக்கிட்டோம். கணக்குல ரூட்டை மூலம்ங்கிறோம். நாமளே ஒரு வார்த்தையில நிக்கல. பிள்ள மட்டும் நிக்கணுமா?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன.

அருள்ஞானம் நெற்றியைத் தேய்த்தார். நூற்றுப் பத்து பேர் திருத்தும் முகாம். எல்லோரும் எதையாவது கேட்கிறார்கள்.

"போட்டுத் தொலைங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

போட்டாள். இரண்டு.

அடுத்த தாள். ரேடிக்ஸ் என்றால் வேர்.

இரண்டு.

அதற்கடுத்த தாளிலும் வேர். பார்த்து எழுதியதல்ல, உதாரணங்கள் வேறு வேறாக இருந்தன. எங்கோ ஒரு பள்ளியில் ஒருவர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தாளின் எண்ணைப் பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு.

காலையில் அவள் திருத்தி முடித்த கட்டு, நூற்று அறுபத்தொன்பதில் முடிந்தது. இதே பள்ளியின் தாள்கள் அதிலும் இருந்திருக்கும்.

காலையில் வேகமாகத் திருத்திக்கொண்டே போனாள். முதல் வார்த்தையைப் பார்த்தாள், அடிமானம் இல்லையென்றால் அடித்தாள், பக்கத்தைப் புரட்டினாள்.

எத்தனை பேர்?

எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்தது. நிமிர்த்தவில்லை.

அருள்ஞானம் அவள் வருவதைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னும் என்ன, டீச்சர்?"

"காலைக் கட்டு வேணும், சார்."

"அதுக்குக் கையெழுத்துப் போட்டு மூடியாச்சே. யார் தப்பு பண்ணா அதுல?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.