ரீமருக்கு அடுத்த முறை

மொட்டைமாடியில் கத்தரிச் செடி வளர்த்து அலுத்தவர்கள் எல்லாம் பொழுதுபோக்காகத் துப்பாக்கி செய்யத் தொடங்கிவிட்ட காலம் அது. பீளமேடு கருவிக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் திருமூர்த்திக்குத் துப்பாக்கிகளைப் பற்றிக் கவலையே இல்லை. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைக் கடையும் ரீமர் என்ற கருவி சங்கத்தில் ஒன்றே ஒன்றுதான். வாங்கிப் போகிறவர்கள் பதினைந்து நாளில் எண்ணெய் பூசித் திருப்பித் தர வேண்டும். அதுதான் அவருக்கு வேதம்.

உறுப்பினர் தினகர் அதை நாற்பது நாள் வைத்துக்கொண்டான். வரிசையில் அடுத்திருந்த மௌலி பொறுமையிழந்து வீட்டுக்கே போய்க் கேட்டான். தினகர் அன்றுதான் செய்து முடித்திருந்த துப்பாக்கியால் பதில் சொன்னான்.

போலீஸ் தினகரையும் துப்பாக்கியையும் கொண்டுபோனது. ரீமர் சங்கத்துக்குத் திரும்பியது. அவசரக் கூட்டம் கூடி மௌலிக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். ரீமரில் கீறல் இருக்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். இல்லை. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது, மௌலியைத் தவிர எல்லோருக்கும்.

மூன்றாம் வாரம் மௌலியின் மனைவி சுகந்தி வந்தாள்.

"அவரு முறை எனக்கு வருமாங்ண்ணா?"

திருமூர்த்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வரும். ரீமரை எடுத்துக் கொடுத்தார்.

"பதினஞ்சு நாள்ல திருப்பிக் குடுத்தரோணும்மா."

"பத்து நாள் போதுங்ண்ணா. அன்னைக்குத்தான் தினகரு ஜாமீன்ல வர்றானாமா."

இப்படி ஓர் உறுப்பினர் இத்தனை வருஷமாகக் கிடைக்கவில்லையே என்று திருமூர்த்தி பூரித்துப்போனார். வரிசையில் அடுத்தவருக்கு, ஐந்து நாள் முன்னதாகவே ரீமர் கிடைக்கும் என்று உடனே செய்தி அனுப்பினார்.