கண்ணாடிக் குளம்

"ஜட்ஜ்! ஜட்ஜ் சார், சீக்கிரம் இங்க வாங்க!"

ஷிஹோரி எழுந்து நின்று கையை ஆட்டினாள். குரல் உடைந்திருந்தது. கையில் மிச்சமிருந்த ஒரே சீட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

எதிரே குரோசே நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். ஒசாகாவில் சலூன் வைத்திருப்பவர். சீட்டுகளில் உள்ள மிருகங்களை ஏவி மோதவிடும் இந்த ஆட்டத்தில், இந்தக் கடையின் போட்டிகளில் மூன்று வருடமாக அவரை யாரும் சாய்த்ததில்லை.

"என்ன பாப்பா, தோத்துட்டேன்னு சொல்றதுக்கும் ஜட்ஜ் வேணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கீழே தெருவில் ஒரு ஹாரன் பொறுமையில்லாமல் அலறியது.

அது அப்பாவின் மினி லாரி. அவள் காலி செய்த வாடகை அறையின் மெத்தை, அரிசிக் குக்கர், துணி மூட்டை எல்லாம் அதில் ஏறிவிட்டன. இந்த இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் டோக்கியோ தேசியப் போட்டி; சாமான்களை இறக்கிவிடலாம். தோற்றால் நேராகச் சொந்த ஊர் வகாயாமா. அப்பாவின் ஊறுகாய்த் தொழிற்சாலை, அதன் உப்புத் தொட்டிகள், ஆயுசுக்கும். இனி சீட்டைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

குரோசேயின் பக்கம் கடல் நாகம் காத்திருந்தது. எந்தக் காவலாலும் தடுக்க முடியாத நாகம். அவர் முறை வந்ததும் அது பாய்ந்தால், ஷிஹோரியின் மிச்ச உயிர்ப் புள்ளிகள் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது.

அவள் பக்கம் மேசை காலி. கடைசியாக இருந்த ஆந்தைச் சீட்டையும் இப்போதுதான் பலி கொடுத்திருந்தாள். அதற்குப் பதிலாக, அடுத்த முறையில் எடுக்கப்போகும் தன் சீட்டுக்கட்டின் மேல் சீட்டை இப்போதே எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்த்தாள். முகம் வெளுத்தது. எடுத்த சீட்டை அப்படியே திரும்ப வைத்துவிட்டாள்.

நடுவர் நிட்டா வேகமாக வந்தார். "என்னம்மா?"

"ஒரு விதி சந்தேகம் சார்."

"அப்ப அந்த ஓரத்துக்கு வாங்க. நீங்க கேக்கறது எதிராளி காதுல விழ வேண்டியதில்ல. அது உங்க உரிமை."

மறுபடி ஹாரன்.

"ஐயோ, அதுக்கெல்லாம் நேரமில்ல சார், அப்பா கீழ கத்திட்டிருக்கார். இங்கயே சொல்லிடுங்க!" அவள் படபடவென்று கொட்டினாள். "கண்ணாடிக் குளம்னு ஒரு சீட்டு இருக்குல்ல? தாக்க வர்ற மிருகத்தோட அடியை, அதை ஏவி விட்டவங்களுக்கே திருப்பி விடுமே... அது கடல் நாகத்துக்கிட்ட செல்லுமா? நாகத்தைத் தடுக்கவே முடியாதுன்னு போட்டிருக்கே?"

சிரிப்பு சட்டென்று நின்றது.

"போச்சுடா!" பின்னால் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். "கையில இருக்கறதை ஊரைக் கூட்டிச் சொல்லிட்டாளே!"

நிட்டா கண்களை மூடி ஒரு கணம் யோசித்தார். "செல்லும். தடுக்கறது வேற, திருப்பறது வேற. அடி மொத்தமும் ஏவினவர் தலையிலதான் விழும்."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா."

ஷிஹோரி தொப்பென்று உட்கார்ந்தாள். குரோசேயின் புன்னகையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்... என் முறை முடிஞ்சுது" என்றாள் விரலிடுக்கில்.

குரோசே நாகத்தின் மேல் வைத்திருந்த கையை மெல்ல எடுத்தார்.

"நல்ல வேளை வாயைத் திறந்தே. இல்லேன்னா நானே என் தலையில இடியை இறக்கியிருப்பேன்." நாகத்தை அசைக்காமல், மண்வெட்டிப் பூதம் ஒன்றை மேசையில் இறக்கினார். அது அடுத்த சுற்றில்தான் வேலை செய்யும். "அவசரம் என்ன? முதல்ல உன் குளத்தைத் தூர்த்துடறேன். அப்புறம் நாகம் சாவகாசமா வரட்டும். ம், உன் முறை."

ஷிஹோரியின் கை கட்டுக்கு நீண்டது. மேல் சீட்டை எடுத்தவள், அதைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே மேசையில் திறந்து வைத்தாள்.

வானிடி. எந்த மிருகத்தையும் தொடாமல் நேரே எதிராளியைத் தாக்கும் சீட்டு.

குரோசேயிடம் மிஞ்சியிருந்த கொஞ்சப் புள்ளிகளும் பூஜ்யத்துக்குச் சரிந்தன. அவர் மேசையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆந்தை... அப்பவே இதைப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். நடுவுல உங்க முறை ஒண்ணு இருந்துதே, அதான் உயிரே போயிடுச்சு."

"குளத்துக்குப் பயந்து கெட்டேன்! எங்க, அதையாவது காட்டு, பார்க்கலாம்."

அவள் கையிலிருந்த சீட்டைத் திருப்பினாள். குட்டித் தவளை. புதிதாக ஆட வரும் பிள்ளைகளுக்குக் கடையில் சும்மா கொடுப்பது.

"குளம் எங்க?"

"அது என் கட்டுலயே கிடையாதுங்க."

"ஜட்ஜ்! இது ஏமாத்து!" குரோசே எகிறினார்.

நிட்டா தாடையைத் தடவினார். "இருக்குன்னு அவங்க சொல்லலையே. விதியைத்தான் கேட்டாங்க. யார் வேணா எந்தச் சீட்டைப் பத்தியும் கேக்கலாம்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு புரியலம்மா. தனியா வந்து கேளுங்கன்னு நான்தான் சொன்னேனே, ஏன் வரல?"

ஷிஹோரி ஜன்னலைத் திறந்து, சாமான்களை இறக்கச் சொல்லி அப்பாவுக்குக் கைகாட்டினாள். திரும்பிச் சிரித்தாள்.

"தனியா வந்து கேட்டா, அவருக்கு எப்படி சார் கேக்கும்?"