தகட்டுக் கண்கள்

அவள் வரிசையில் வருவதை அவன் பார்த்துவிட்டான்.

இன்னும் ஏழெட்டுப் பேர்தான்.

வேதக்கோயில் கிராதிக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, சனங்கள் நீட்டும் மாலையையும் மெழுகுவர்த்தியையும் வாங்கிச் சந்தியாகப்பர் காலடியில் வைப்பது இந்த வருஷத் திருவிழாவில் அவன் பொறுப்பு. ஊர்க் கூட்டத்தில் கொடுத்தார்கள். சாமி காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணிய கை, சுத்தமான கை என்று எவரோ எடுத்துவிட, எல்லோரும் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான்.

சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரைமேல் வாளை ஓங்கியபடி இருக்கிறார். குதிரை ஒரு முன்னங்காலைத் தூக்கியிருக்கும். அந்தக் குளம்பில் மட்டும் வெள்ளைப் பூச்சு போய்ச் சுதை தெரியும். தேங்காய்க் களவிலிருந்து வரப்புத் தகராறு வரைக்கும் இந்த ஊரில் எல்லா வழக்கும் அங்கேதான் தீரும். குளம்பில் கை வைத்துச் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. பொய் சொன்னவன் நாற்பது நாள் தாண்டமாட்டான் என்பார்கள்.

மாசி மாதம் அவனும் வைத்தான்.

வழக்கு, செத்துப்போன ஒரு ஆட்டுக்காக. ஆடு திரேசம்மாளுடையது. சினையாடு. மூன்றாவது தடவையாக அவன் மிளகாய்க் கொல்லையில் வாய் வைத்தது. உச்சி வெயில், பசி, எரிச்சல். கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து வீசினான். விரட்டத்தான் வீசினான். கல் நெற்றியில் பட்டு, ஆடு முன்னங்கால் மடங்கி அப்படியே சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்த திரேசம்மாள் எழுந்து நின்றாள்.

தெரியாமல் பட்டுவிட்டது சின்னம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு ஆட்டோடு போயிருக்கும். இவன்தான் வீராப்பாக, நான் எறியவே இல்லை என்றான். சொன்னதைக் காப்பாற்றக் கோயில்வரை போக வேண்டியதாயிற்று.

என் ரெண்டு கண்ணால் பார்த்தேன் என்று அவள் ஊர் முன்னால் சொன்னாள்.

அவன் குளம்பில் கை வைத்து, இந்தக் கை கல் எடுக்கவில்லை என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பது நாளையும் அவன் எண்ணினான். பாம்பு தீண்டவில்லை. காய்ச்சல் வரவில்லை. காலில் ஒரு முள்கூடத் தைக்கவில்லை. மிளகாய், கேட்க வேண்டாம், போன வருஷத்தைவிடக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. நாற்பத்தோராம் நாளிலிருந்து நிம்மதியாகச் சோறு இறங்கும் என்று நினைத்திருந்தான்.

இறங்கவில்லை.

இன்னும் மூன்று பேர்.

திரேசம்மாள் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி வந்தாள். இருபது ஆட்டை முள்ளுக்காட்டுக்குள் ஒற்றை ஆளாய் ஓட்டியவள். வயசாகிவிட்டது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் கிராதியைப் பிடித்து நின்று உள்ளங்கையைத் திறந்தாள்.

தகட்டில் அடித்த இரண்டு கண்கள். உடம்பில் எது நோகிறதோ அதைத் தகட்டில் வாங்கிச் சாமிக்கு வைப்பார்கள். வாசலில் பாய் விரித்துக் கை, கால், கண் என்று விற்பார்கள்.

கண்ணுக்கு என்ன என்று அவன் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான்.

"என்னத்தச் சொல்ல அப்பு. நீ எறிஞ்சதப் பார்த்தேன்னு ஊரு முன்னால சொன்னேன்ல. நீ சாமி காலத் தொட்டு இல்லன்னுட்ட. அப்ப என் கண்ணுதான பொய்யி? டவுனு டாக்டரு கண்ணு நல்லாருக்குங்கிறாரு. சந்தியாகப்பரவிட அவருக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். இந்தக் கண்ண நம்பி எங்கிட்டு ஆடு மேய்க்க? எல்லாத்தையும் வித்துட்டேன். ஒன் மேல பழி போட்டுட்டேன், மன்னிச்சிருப்பு."

அவள் மெல்லப் பேசப் பழகாதவள். வரிசை முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ, பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

அவன் தகட்டை வாங்கிக்கொண்டான். அதற்குக் கனமே இல்லை.

குதிரைப் பக்கம் திரும்பினான். முகம் காதுவரை எரிந்தது. இப்படி ஒரு வெட்கத்தை அவன் பிறந்ததிலிருந்து பட்டதில்லை. கல்லெறிந்த அன்றைக்கும் இல்லை, பொய் சொன்ன அன்றைக்கும் இல்லை. நல்ல கண்ணைக் கெட்ட கண் என்று நம்பி ஒருத்தி ஐந்து மாதமாகத் தடவித் தடவி நடந்திருக்கிறாள்.

"நல்லாத் தெரியிற எடமா வையி அப்பு" என்றாள் பின்னாலிருந்து.

எங்கே வைத்தாலும் அந்தக் கண்கள் அங்கேயே இருக்கும். அவன் பார்க்க இருக்கும்.

திரும்பி வந்தான். அவள் கையை எடுத்துத் தகட்டை அதிலேயே வைத்து, விரல்களை மூடினான்.

"இது ஒங்களுக்கு வேணாம் சின்னம்மா."

"ஏன்ப்பு?"

வரிசை நகரவில்லை. மெழுகுவர்த்தியோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பீடத்துப் பக்கம் இருந்த பங்குச் சாமியாரும் தலையை நிமிர்த்தினார்.

அவன் வலது கையை வேட்டியில் துடைத்தான். இன்னொரு தடவை துடைத்தான்.

பிறகு, யாரும் கேட்காமலே, குதிரையின் குளம்பில் வைத்தான்.