மண்புழுச் செம்மல்

விஸ்வநத்தம் முழுக்கத் தேடினாலும் ஸ்ரீமதியின் தோட்டம் மாதிரி ஒன்றைக் காட்ட முடியாது. மண் நிரப்பி வரிசையாக வைத்த பைகளில் கத்தரியும் தக்காளியும் காய்த்துத் தொங்கும். பைகளுக்கு நடுவே தரையில் ஒரு கோரை, ஒரு நெருஞ்சி? மூச். வழித்துத் துடைத்த சட்டி மாதிரி கிடக்கும் மண்.

"எல்லாம் இயற்கை முறை," என்பாள் ஸ்ரீமதி. அவள் புருஷன் காசிராஜன் காலண்டர் அச்சடிக்கிறவர். தோட்டத்தை ஒட்டிப் பின்தெருவைப் பார்த்து அவருடைய காலண்டர் குடோன். அச்சில் வீணான தாள்களை நனைத்து மண்ணில் பரப்பி மூடினாள். அதையும் மீறி எட்டிப் பார்த்த களையின் தலையில் கொதிக்கக் கொதிக்கச் சோற்றுக் கஞ்சியை ஊற்றினாள். இரண்டே வருஷத்தில் களை என்ற பேச்சே இல்லாமல் போனது.

வீட்டுத் தோட்டச் சங்கம் இந்த வருஷம் 'மண்புழுச் செம்மல்' என்று ஒரு பட்டம் அறிவித்தது. புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு வந்தாள் ஸ்ரீமதி.

விஷயத்தைக் கேட்டதும் காசிராஜனுக்குக் காப்பி புரையேறியது.

"பட்டமெல்லாம் நமக்கெதுக்கு? ஊர்க்கண்ணு படும்."

"படட்டும். அதுக்குத்தான இம்புட்டுப் பாடுபட்டேன்."

பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமியின் கண் ஏற்கெனவே பட்டிருந்தது. அவளும் அதே தாளைத்தான் பரப்பினாள், அதே கஞ்சியைத்தான் ஊற்றினாள். அவள் வீட்டுக் கோரை கஞ்சி குடித்துக் கொழுத்ததுதான் மிச்சம். வயிறு எரியாதா? நேரே சங்கத்துக்குப் போய், "காசிராஜன் அண்ணாச்சி மதினிக்குத் தெரியாம என்னத்தையோ தோட்டத்துல கொட்டுறாக. மாடியில இருந்து நானே பார்த்தேன்" என்று பற்றவைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்திலிருந்து செழியன் வந்து நின்றார். தோட்டக்கலை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் சின்ன மண்வெட்டியும் ஒரு பாலிதீன் பையும். வேடிக்கை பார்க்கச் செல்வலட்சுமியும் பின்னாலேயே வந்தாள்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிய செழியனின் முகம் சுருங்கியது.

"ஒரு மண்புழு இல்ல, ஒரு எறும்பு இல்ல. களை முளைக்கிற மண்ணுதாம்மா உசுருள்ள மண்ணு. இது செத்துப்போச்சு. ஆய்வகத்துக்கு அனுப்புனா என்னத்தைக் கொட்டியிருக்குன்னு சொல்லிருவாக."

"தாராளமா அனுப்புங்க. எனக்கென்ன பயம்?" ஸ்ரீமதி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

பயமெல்லாம் காசிராஜனுக்குத்தான். அந்தப் பை வாசலைத் தாண்டினால் தன் கதை கந்தல் என்று அவருக்குத் தெரியும். பை தாண்டக் கூடாது என்றால், தானே வாயைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"சார், மண்ணை எடுக்க வேண்டாம். நான்தான்… களைக்கொல்லி. இவ அசந்து தூங்குறப்போ அடிச்சிருவேன். குனிஞ்சு குனிஞ்சு இவ இடுப்பு ஒடியுதேன்னு மனசு கேக்கல."

ஸ்ரீமதி புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப ரெண்டு வருஷமா நான் ஊத்துன கஞ்சி?"

"அது சும்மா, ஸ்ரீமதி."

"நான் சொல்லல?" என்றாள் செல்வலட்சுமி.

செழியன் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒத்துக்கிட்டீகளே அண்ணாச்சி, அதுவே பெரிசு. பேரை மட்டும் போட்டியில இருந்து எடுத்துருறேன். ஆய்வெல்லாம் இனி எதுக்கு? தொழுவுரம் போட்டு, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கிக் கொத்திவிடுங்க. மண்ணு தேறிரும்."

காசிராஜன் துண்டால் முகத்தைத் துடைத்தார். போனது ஒரு மண்புழுப் பட்டம். போகட்டும், தலை தப்பியது.

ஸ்ரீமதி விடுவதாக இல்லை. விறுவிறுவென்று உள்ளே போனவள் சூடமும் தீப்பெட்டியுமாக வந்தாள். பைகளுக்கு நடுவே வெறும் தரையில் சூடத்தை வைத்தாள்.

"இனிமே இந்த மண்ணுல விஷத்தைக் கொட்ட மாட்டேன்னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இருக்கன்குடி ஆத்தா சாட்சி."

காசிராஜன் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார். "பண்றேன். பூசை ரூம்புல தட்டுல ஏத்து, அங்கன வச்சுப் பண்றேன்."

"பாவம் மண்ணுக்குத்தான பண்ணீக? மண்ணு மேலதான் சத்தியம்."

"சொன்னாக் கேளு, ஸ்ரீமதி. தட்டை எடுத்துட்டு வந்துருறேன்…"

அவள் கிழித்துவிட்டாள். சூடம் பற்றிக்கொண்டது. புருஷன் கையை வைத்து அணைக்க வாகாக இடம் விட்டு, செல்வலட்சுமி பக்கம் போய் நின்றுகொண்டாள்.

காசிராஜன் அதற்குள் ஒற்றைச் செருப்போடு கேட்டுக்கு வெளியே போயிருந்தார்.

"சூடத்துக்கா அண்ணாச்சி இம்புட்டுப் பயம்?" செழியன் சிரித்தார்.

அவர் சிரித்து முடிக்கவில்லை. சூடம் உருகித் தரையைத் தொட்டதும் மண் 'புஸ்ஸ்' என்று சீறியது. ஆள் உயரத்துக்குப் பச்சையும் சிவப்புமாகப் பூத்துக் கொட்டியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த காசிராஜன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

களைக்கொல்லியை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. காலண்டர் குடோனுக்குள் லைசென்ஸ் இல்லாமல் அவர் நடத்திவந்த புஸ்வாணக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கிக் கொட்டிய வெடிமருந்துதான் ஸ்ரீமதியின் தோட்டத்தை அத்தனை சுத்தமாக வைத்திருந்தது.