மகராசிக்கும் ஒரு கிள்ளு

"மூணு குட்டி" என்றார் டாக்டரம்மா, மகராசியின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே.

மகராசி எங்கள் வீட்டு கினிப்பன்றி. பேருக்குத்தான் பன்றி, ஆள் முயலில் பாதி. எவர்சில்வர் மேசையில் கால் வழுக்கியதால் என் முழங்கைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு கிடந்தாள்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் சிரித்தார்.

"பாருங்க டாக்டர், இதுக்கே தங்கிடுச்சு. இவளுக்குத்தான் ஒண்ணும் காணோம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமான மூன்று வருடத்தில் என் கழுத்து அதற்குப் பழகிவிட்டது.

பிள்ளைதான் இல்லை, கையாவது பழகட்டும் என்று போன வருடம் செல்லப்பிராணிக் கடைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தேன். கண்ணில் பீளை இருக்கக் கூடாது, மூக்கு ஒழுகக் கூடாது, பின்பக்கம் காய்ந்திருக்க வேண்டும். கையை நீட்டியதும் மற்றதெல்லாம் மூலைக்கு ஓடின. இரண்டு மாதக் குட்டியான இவள் மட்டும் வந்து என் விரலை மோந்து பார்த்தாள். எனக்கு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஜோடிக்கு ஓர் ஆணையும் அவரே கேட்டு வாங்கினார். இதுங்களாவது பெத்துப் போடட்டும் என்றார். இரண்டே மாதத்தில் வீடு நிறைந்துவிடும் என்று கடைக்காரரும் சொன்னார்.

ஒரு வருடம் ஆகியும் கூண்டில் இரண்டே இரண்டுதான்.

மாமியாருக்கு வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. இவள் கை பட்டால் எது துலங்கும் என்று கூண்டுக்கும் கேட்கும்படி சொல்லுவார். மாமியாருடைய தம்பி மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம். எனக்கும் அதுவரைதான் கெடு. அதற்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் நான் அம்மா வீட்டுக்கு, அந்தப் பெண் இந்த வீட்டுக்கு. இதை ஒன்றும் ஒளித்துப் பேசுவதில்லை. நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பேசுவார்கள்.

என் கணவர் மருந்துக்கடைக்காரர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாத்திரையின் பேர், கம்பெனி, எத்தனை மில்லிகிராம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு மாத்திரை கொண்டுவர ஒரு மாதம்கூட மறந்ததில்லை. அட்டையிலிருந்து பிரித்து, காகித உறையில் போட்டு, மேலே 'சத்து' என்று அவர் கையாலேயே எழுதித் தருவார். கர்ப்பப்பைக்குப் பலமாம். தினம் ஒன்றாக இருபத்தொரு நாள். பிறகு ஏழு நாள் உடம்புக்கு ஓய்வு.

மகராசிக்கு எல்லாம் நான்தான். காலையில் புல், மத்தியானம் குடைமிளகாய், சாயங்காலம் கொய்யாத் துண்டு. ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் போதும், விசில் அடித்து வீட்டையே கூப்பிடுவாள். வந்த புதிதில் ரொம்ப மெலிந்திருந்தாள். பாவமாக இருந்தது. என் மாத்திரையில் நகத்தால் ஓர் ஓரம் கிள்ளி, கொய்யாவுக்குள் பொதித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். எனக்குச் சேருகிற சத்து அவளுக்கும் கொஞ்சம் சேரட்டுமே.

இரண்டு மாதம் முன்னால் ஒருநாள் கொய்யாவைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுப்பைப் பார் என்று திட்டிவிட்டு, அதோடு கிள்ளுவதை விட்டுவிட்டேன்.

"வயசு என்னம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ஒரு வருஷம் நாலு மாசம் என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார்.

"இதுங்க முதல் பிரசவம் ஏழு மாசத்துக்குள்ள ஆகிடணும்மா. இல்லன்னா இடுப்பெலும்பு சேர்ந்து இறுகிடும். இப்ப குட்டி வெளிய வர வழியில்ல."

வயிற்றைக் கிழித்து எடுக்கலாம், ஆனால் இத்தனூண்டு உடம்பு தாங்குமா என்பது சந்தேகம்தான் என்றார். மகராசி என் முழங்கைக்குள் ஒரு விசில் அடித்தாள். இங்கேயும் எங்கோ ஃபிரிட்ஜ் திறந்திருக்க வேண்டும்.

"கூடவே ஆண் இருந்தும் ஒரு வருஷமா ஏன் தங்கல? மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என் சத்து மாத்திரையில தினம் ஒரு கிள்ளு குடுத்தேன். ரெண்டு மாசமா குடுக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. என் கழுத்து தானாகத் திரும்பியது. அவர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன மாத்திரை அது?" டாக்டரம்மா அவரிடமே கேட்டார்.

"அது வந்து... பேரு சட்டுனு வரல டாக்டர்."

நான் மகராசியின் முதுகைத் தடவினேன். ஒருநாள் மறக்காமல், பிரியமாக, என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். மூன்று வருடமாக எனக்கும் ஒரு கை அப்படித்தான் கொடுத்திருக்கிறது.

மாத்திரை உறை என் கைப்பையில்தான் இருந்தது. இந்த மாதத்தில் இன்னும் ஒன்பது மீதி. எடுத்ததும் இரண்டு கைகள் நீண்டன. என் கணவர் கைதான் முதலில் வந்தது.

டாக்டரம்மாவின் கையில் வைத்தேன்.