வழிமறித்த முதலை

ஆற்று மணல்திட்டு ஒன்றுக்காக மேல்கரை முதலையும் கீழ்க்கரை முதலையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மேல்கரை முதலை ஒருநாள் பாறை இடுக்கில் வந்து படுத்துக்கொண்டு, "இனி இந்த வழியாக எந்த ஆமை வந்தாலும் ஓட்டோடு நொறுக்கிவிடுவேன்" என்று அறிவித்தது.

அந்த வழியாகத்தான் ஆமைகள் தாமரை விதைகளை முதுகில் சுமந்துபோய், கீழ்க்குளத்து வாத்துகளிடம் கொடுத்து நத்தை வாங்கிவரும். மூன்று நாளாக ஓர் ஆமையும் வரவில்லை. வாத்துக்குஞ்சுகள் பசியில் கத்தின.

"நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். போய் ஒரு கை பார்த்துவிடுகிறோம்" என்றன அதே குளத்தில் வாழும் நீர்நாய்கள்.

"பொறுங்கள். முதலில் நான் பேசிப் பார்க்கிறேன்" என்றது ஒரு தாய் வாத்து.

அது முதலையின் வாய்க்கு எதிரே போய் நின்றது. "அண்ணே, உங்கள் சண்டையில் நாங்கள் யார் பக்கமும் இல்லை. வழியை மட்டும் விடுங்கள்."

"ஆமைகள் என் எதிரிக்கு மீன் கொண்டுபோகின்றன."

"ஒவ்வொரு சுமையையும் நீங்களே பாருங்கள். மீன் இருந்தால் என்னைத் தின்றுவிடுங்கள்."

"சரி, வரச்சொல். பார்க்கிறேன்" என்றது முதலை.

வாத்து சொல்லியனுப்பியபடி மறுநாள் ஓர் ஆமை முதலில் வந்து முதலையின் முன்னால் நின்றது. முதலை சுமையை மோந்து பார்த்தது. வெறும் தாமரை விதைதான். அது உடம்பை ஒதுக்கி வழிவிட்டது. பின்னால் வந்த ஆமைகளும் ஒவ்வொன்றாகக் கடந்தன.

வாத்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியது.

"எங்கே போகிறாய்?" என்று கேட்டது முதலை.

"கீழ்க்கரை முதலையிடம். அவரும் வழிமறிக்காமல் இருக்க வேண்டுமே."

"அப்படியானால், நான் கடித்த கால் அவனுக்கு ஆறிவிட்டதா என்று பார்த்துவந்து சொல்" என்றது முதலை.